மொழி வகுப்பு மூன்று மணிக்கு, பஸ் 2.55க்கு

(பிரிட்டிஷ் கொலம்பியாவில் தமிழ்ப் பெற்றோர் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு கல்வி மாவட்டத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடிக் குழுவின் கூட்டம், அதாவது ஐரோப்பியர் வருமுன்பே இங்கு வாழ்ந்த மக்களின் குழு. மாவட்டத்தின் பெயர் வேண்டாம். அதிகாரி ஒருவர் திரையில் கணக்குக் காட்டினார். முதற்குடி (First Nations எனப்படும் பூர்வகுடியினர்) மொழி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், ஆர்வம் இல்லைப் போலிருக்கிறது, அடுத்த வருடம் நிறுத்திவிடலாமா என்று கேட்டார்.

எதிரே இருந்த ஒரு மூதாட்டி, பின்னிக்கொண்டிருந்த சீடார் மரப்பட்டையை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "வகுப்பு எத்தனை மணிக்கு?"

"மூன்று மணிக்கு."

"எங்கள் பக்கம் வரும் பஸ் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது?"

அதிகாரிக்குத் தெரியவில்லை. பஸ் நேரம் வேறொரு பிரிவின் பொறுப்பு. போன் போட்டுக் கேட்டார்கள். 2.55.

அந்த அறையில் கெட்ட மனிதர் ஒருவரும் இல்லை. வகுப்பை ஒரு மேசை நடத்தியது, பஸ்ஸை இன்னொரு மேசை நடத்தியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடியவர் பேரப்பிள்ளையைத் தினமும் தெருமுனையில் நின்று கூட்டிப் போகும் அந்த மூதாட்டி ஒருவர்தான். ஆலோசனைக் குழு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பூர்வகுடி மக்கள் ஏன் பாடசாலையை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. 1920இல் கனடா அரசு இந்தியர் சட்டத்தைத் (அன்று முதற்குடியினரை 'இந்தியர்' என்றே அழைத்தார்கள்) திருத்தி, 7 முதல் 15 வயது வரையான முதற்குடிப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கியது. பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் கொண்டுபோகப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. 4,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990களில்தான். நம்மில் பலர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு.

செப்டம்பர் 30 அன்று நம் பிள்ளைகள் செம்மஞ்சள் சட்டை போட்டுப் போகிறார்களே, அது வெறும் நிற நாள் அல்ல. 1973இல், வில்லியம்ஸ் லேக் அருகே, ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுச் சிறுமி, பேத்தி முதன்முதல் பாடசாலைக்குப் போகிறாளே என்று அவருடைய பாட்டி வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் சட்டையோடு வதிவிடப் பாடசாலைக்குப் போனார். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திருப்பித் தரவேயில்லை. 2013இல் அவர் அந்தக் கதையைச் சொன்னதிலிருந்து பிறந்ததுதான் இந்த நாள்.

வதிவிடப் பாடசாலைகள் இயங்கிக்கொண்டிருந்தபோதே, 1951க்குப் பிறகு, இந்தப் பிள்ளைகளைச் சாதாரணப் பொதுப் பாடசாலைகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு மாகாணத்துடன் ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்தது. பெற்றோரை யாரும் கேட்கவில்லை. 1972இல் தேசிய இந்தியர் சகோதரத்துவம் என்ற முதற்குடியினரின் அமைப்பு ஒரு கொள்கை அறிக்கையை ஒட்டாவாவிடம் கொடுத்தது. பெற்றோரின் பொறுப்பு, உள்ளூர்க் கட்டுப்பாடு என்ற இரண்டின் மேல் எழுந்த அறிக்கை அது. எங்கள் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளை நடத்தும் கல்விச் சபைகளில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று அன்றே அதில் எழுதிவைத்தார்கள்.

அது சட்டமாக எவ்வளவு காலம் எடுத்தது என்று பாருங்கள். பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 2007இல் வந்தபோது கனடா எதிர்த்து வாக்களித்தது. அந்தப் பிரகடனத்தைப் பிரிட்டிஷ் கொலம்பியா தன் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2019 நவம்பரில். 2023இல்தான் பாடசாலைச் சட்டம் திருத்தப்பட்டு, இந்த மாகாணத்திலுள்ள ஒவ்வொரு கல்விச் சபையும் ஒரு பூர்வகுடிக் கல்விக் குழுவை அமைத்தே ஆகவேண்டும் என்றானது. அதற்கு முன்னும் பல மாவட்டங்களில் குழுக்கள் இருந்தன. ஆனால் அவை சபை விரும்பினால் உண்டு, விரும்பாவிட்டால் இல்லை.

தமிழில் 'கேள்' என்றால் வினவு என்றும் பொருள், செவிகொடு என்றும் பொருள். சொன்னபடி நட என்பதற்கும் 'சொல் கேள்' என்கிறோம். கல்விச் சபைகள் நெடுங்காலம் முதல் பொருளோடு நின்றுவிட்டன. கருத்துக் கேட்பார்கள், குறித்துக்கொள்வார்கள், தேநீர் கொடுத்து அனுப்புவார்கள். புதிய சட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது பணத்தைப் பற்றிய பகுதியை. பூர்வகுடி மாணவர்களுக்கென்றே மாகாணம் தனியாக ஒதுக்கும் பணம் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதெல்லாம் இவர்களுக்கும் கிடைத்த பிறகு, அதற்கு மேலாகச் சேரவேண்டிய பணம் அது. வழக்கமான பாடத்திட்டத்தை நடத்த அதை எடுக்கக்கூடாது. அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற திட்டத்துக்குக் குழு ஒப்புதல் தரவேண்டும். மற்ற விஷயங்களில் குழு சொல்வது ஆலோசனை. இங்கே மட்டும் அது அனுமதி.

கூட்டங்களில் இது இன்ன குடியின் நிலம் என்று சொல்லும் நில அங்கீகாரம் வாசிப்பது நல்லதுதான், நானும் எழுந்து நிற்கிறேன். ஆனால் வாசிப்பவர் அடுத்த நிமிடமே வரவு செலவுத் திட்டத்தைத் திறக்கிறாரே, அந்தத் தாளில் இவர்களுடைய கையொப்பம் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் இன்னும் ஒரு படி இறுக்கமாக முடிச்சுப் போட்டிருக்கிறது. பத்து பூர்வகுடி மாணவர்கள் இருந்தால் போதும், மாவட்டம் பெற்றோர் ஆலோசனைக் குழு அமைக்கவேண்டும். வருடாவருடம் அந்தக் குழு, மாவட்டம் எங்கள் பிள்ளைகளுக்குச் செய்வது போதும் அல்லது போதாது என்று வாக்களித்து மாநிலத்துக்கு அறிவிக்கிறது. போதாது என்றால், குழுவின் ஒவ்வொரு பரிந்துரைக்கும் கல்விச் சபை 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் சொல்லவேண்டும். செய்யாவிட்டால் காரணமும் எழுதவேண்டும். நம் மாகாணத்திலும் இப்படி எழுத்துப் பதில் கட்டாயமாக வேண்டும் என்பது என் ஆசை. வாயால் சொல்லும் பதில் அடுத்த கூட்டத்துக்குள் மறந்துபோகிறது.

இது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர் தஞ்சம் கேட்டு வந்து இறங்கியது இந்த மாகாணத்தின் எஸ்குவிமால்ட் துறைமுகத்தில். அந்தக் கரை ஒரு முதற்குடியின் கரை. எஸ்குவிமால்ட் குடியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். இந்த மாகாணத்தின் பெரும்பகுதி எந்த ஒப்பந்தமும் எழுதப்படாமல் எடுக்கப்பட்ட நிலம். அதன் மேல் கட்டிய பாடசாலைகளில்தான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். நாமும் கல்விச் சபைத் தேர்தலில் வாக்களிக்கிறோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை எழுப்பிக் கூட்டிப்போகப் படும் பாடு நமக்குத் தெரியும். அதைத் தெரிந்த நாமே, இன்னொருவரின் மொழி வகுப்பு ஆளில்லாமல் மூடப்படும்போது ஆர்வமில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாமா? அடுத்த தேர்தலில் வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வந்தால், பூர்வகுடிக் கல்விக் குழு கடைசியாகச் சொன்னது என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். முழித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அந்த மூதாட்டியின் கூட்டத்தில் என்ன முடிவானது என்று இடைவேளையில் ஒருவர் கேட்டார். வகுப்பை நிறுத்தவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பிந்திய பஸ் விட்டார்கள், 4.10க்கு. அடுத்த தவணையில் அந்த வகுப்புக்கு இன்னொரு மேசை போடவேண்டியிருந்தது.