ஒரு கேமரா, இரண்டு கண், நம் ஊர்க் குளம்

அவைக்கு வணக்கம். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் பிழைகளைத் திருத்தாமல் விடாத தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வேலை நெருக்கடியிலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்த தம்பி, தேநீர் ஆற்றிக்கொண்டே கேட்கும் அக்கா, எல்லோருக்கும் நன்றி.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒரே கேமராவில் ஸ்டீரியோ படம், அதாவது இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி ஆழம் தெரியவைக்கும் ஜோடிப் படம், எப்படி எடுப்பது, எப்படிப் பார்ப்பது, எதை எடுப்பது. அதற்கு முன் எங்கள் அப்பாயி தினமும் சொல்லும் ஒரு பழமொழி: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

எடுப்பது சுலபம். நம் கண்கள் இரண்டுக்கும் இடையே சுமார் 65 மில்லிமீட்டர் தூரம். இடது காலில் ஊன்றி நின்று ஒரு படம், கேமராவைத் திருப்பாமல் வலது காலுக்கு மாறி இன்னொன்று, அவ்வளவுதான். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் டெல்டாவோ தோசைக்கல் மாதிரி தட்டை, தூரத்துக் கோபுரத்துக்கு இந்த நகர்வு போதாது. மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர வேண்டும் என்பது கைக்கணக்கு. பனைமரம் 30 அடியில் என்றால் 1 அடி, 300 அடிக்கு இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்றால் 10 அடி. அதற்கு மேல் ரொம்ப நகர்ந்தால் ஊரே கொலு பொம்மை மாதிரி சிறுத்துத் தெரியும்.

இந்த 10 அடியில்தான் நான் மாட்டினேன். அறுவடை முடிந்த வயலில் ஒருவர் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார். இடது படத்தை எடுத்துவிட்டு, கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு வரப்பில் பக்கவாட்டில் எண்ணிக்கொண்டே போகிறேன், ஏழாவது அடியில் வரப்பு முடிந்துபோனது. வாய்க்காலில் இடுப்பளவு சேறு, கேமராவை மட்டும் காவடி மாதிரி தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். வாத்துக்காரர் கம்பை நீட்டி இழுத்துக்கொண்டே, “ஏன் சார், அதே படத்தை எதுக்கு மறுபடி எடுக்குறீங்க, மொதப் படம் சரியா விழலையா?” என்றார். “படம் நல்லாத்தான் விழுந்துச்சு, அப்புறம்தான் நான் விழுந்தேன்” என்றேன். கரையேறி வலது படத்தையும் எடுத்தேன், விடுவேனா? வீட்டில் பார்த்தால் இடது கண்ணுக்கு வாத்து, வலது கண்ணுக்கு வெறும் வயல், பார்க்கப் பார்க்க மினுக்குகிறது. ஒற்றைக் கேமராவின் குறை இது. ஆடும் நாற்று, ஓடும் தண்ணீர், மேகம், எதுவும் நமக்காக நிற்காது.

வற்றிய குளம் நிற்கும். அதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். 1858-லேயே லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர் தஞ்சாவூரையும் திருச்சியையும் ஸ்டீரியோவில் எடுத்துவைத்தார். நம் தெருக் குளத்தை யார் எடுத்தார்கள்? தூர்வாரியாயிற்று என்று காட்டும் சாதாரணப் படத்தில் குளமும் தட்டை, தட்டும் தட்டை. வைகாசியில், மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்வதற்கு முன், ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று இரண்டிரண்டு படமாக எடுத்துவைத்தால் கரை எங்கே சரிந்தது, படித்துறையில் எத்தனை படி புதைந்தது என்று எவரும் கண்ணால் பார்க்கலாம். அப்பாயி சொன்ன ஆழம் இதுதான் ஐயா, முதலில் அது தெரியட்டும்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்வதற்குள் கூட்டத் தலைவர் மணியில் கைவைத்துவிட்டார். சிவப்பு, நீலக் கண்ணாடிகள் நாலைந்து கொண்டுவந்திருக்கிறேன், போட்டுப் பாருங்கள். தேநீர் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது, உங்கள் தெருக் குளத்தின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். ஊராட்சித் தலைவர் முதல் பெயரை எழுதுவார் என்று நானே அறிவித்துவிடுகிறேன்.