பழைய கணினியும் படம் காட்டும் மென்பொருளும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓரமாகக் கிடந்த பழைய கணினியைத் தூசி தட்டி எடுத்து, ஆன் செய்து, "அட, இன்னும் ஓடுதே" என்று மகிழ்கிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அடுத்து அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதில் போட்டோ பார்க்கலாமா?" தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் எந்த மென்பொருளில் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே கணினியில், ஒரே படத்தை, ஒரு மென்பொருள் சட்டென்று காட்டும். இன்னொன்று நம்மை டீ குடித்துவிட்டு வரச் சொல்லும்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும்.

இன்றைய கைபேசியில் எடுத்த ஒரு படம் அகலத்தில் 4,000 புள்ளி, உயரத்தில் 3,000 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். ஆக 3 கோடியே 60 லட்சம் பைட். வட்டில் அந்தக் கோப்பு மூன்று நான்கு மெகாபைட்தான் இருக்கும், ஏனென்றால் ஜேபெக் முறையில் அது சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. திரையில் காட்ட வேண்டுமென்றால் சுருக்கத்தைப் பிரித்தாக வேண்டும். விண்டோஸ் 98 காலத்துக் கணினிகள் பலவற்றில் மொத்த நினைவகமே 32 மெகாபைட்தான். படம் ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது. உடனே கணினி ஹார்டு டிஸ்க்கைத் தற்காலிக நினைவகமாக எடுத்துக்கொள்கிறது. டிஸ்க் கரகரவென்று சத்தம் போடும், விளக்கு அணையாமல் எரியும், மவுஸ்கூட நகராது.

இந்த இடத்தில்தான் மென்பொருளை எழுதியவரின் கெட்டிக்காரத்தனம் வெளிப்படுகிறது. திரையே 800 புள்ளி அகலம்தான் என்னும்போது 4,000 புள்ளியையும் எதற்காகப் பிரிக்க வேண்டும்? ஜேபெக் ஒரு படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி வைக்கிறது. கட்டம் ஒவ்வொன்றிலும் முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரியைச் சொல்லும். அடுத்தடுத்த எண்கள் நுணுக்கத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். அதனால் நுணுக்கத்தை விட்டுவிட்டு அரை அளவிலோ, கால் அளவிலோ, எட்டில் ஒரு பங்கிலோ நேரடியாகவே பிரித்துவிடலாம். கால் அளவில் பிரித்தால் 1,000க்கு 750 புள்ளி. 22 லட்சத்து 50 ஆயிரம் பைட் போதும். பழைய கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இந்த வசதியைத் தரும் நிரல் தொகுப்பைத் தன்னார்வலர்கள் எழுதி, யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இலவசமாகவே கொடுத்தார்கள். சுயேச்சை ஜேபெக் குழு என்ற அந்த அணிக்கு முன்னின்றவர் டாம் லேன். முதல் வெளியீடு 1991 அக்டோபரில் வந்தது. உலகத்தில் ஜேபெக் படம் காட்டும் மென்பொருள்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் அந்தக் குழுவின் உழைப்புக்குக் கடன்பட்டவை. இவர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

சரி, இன்னும் பின்னால், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக்குப் போவோம். 1987இல் ஐபிஎம் விஜிஏ என்ற திரை முறையைக் கொண்டுவந்தது. அதில் ஒரு தர்மசங்கடம் இருந்தது. 640க்கு 480 புள்ளி என்று தெளிவாகப் பார்க்க வேண்டுமா, 16 நிறம்தான். 256 நிறம் வேண்டுமா, புள்ளிகள் 320க்கு 200 ஆகக் குறையும். காரணம் திரையை இயக்கும் கார்டில் இருந்த 256 கிலோபைட் நினைவகம். 640க்கு 480ஐ 256 நிறத்தில் காட்ட 300 கிலோபைட் தேவை. கொஞ்சத்தில் தவறிவிட்டது.

அப்புறம் வந்த சூப்பர் விஜிஏ கார்டுகளில் நினைவகம் கூடியது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் கார்டைச் செய்தது. காம்பூஷோ, விபிக், கிராபிக் வொர்க்‌ஷாப் போன்ற அந்தக் கால வியூவர்களை, அதாவது படம் காட்டும் மென்பொருள்களை, எழுதியவர்கள் இத்தனை கார்டுகளோடும் தனித்தனியாகப் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. வெசா என்ற பொது விதி பரவிய பிறகுதான் அந்தத் தலைவலி குறைந்தது.

விஜிஏவால் மொத்தம் 2,62,144 நிறங்களைக் காட்ட முடியும், ஆனால் ஒரே நேரத்தில் 256 மட்டும். எந்த 256? பச்சை வயல் படத்துக்கு ஒரு 256, முகம் நிறைந்த படத்துக்கு வேறொரு 256. படத்திலுள்ள நிறங்களை எண்ணி, கூட்டம் அதிகமுள்ள பக்கத்துக்கு அதிக இடம் ஒதுக்கித் தேர்ந்தெடுக்கும் முறையை பால் ஹெக்பர்ட் வகுத்தார். அது 1982இல் அச்சில் வந்தது.

தேர்ந்தெடுத்த பிறகும் ஒரு சிக்கல் பாக்கி. வானம் மாதிரி மெல்ல மெல்ல நிறம் மாறும் இடங்கள் பட்டை பட்டையாகத் தெரியும். இதற்கு ராபர்ட் ஃபிளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பெர்க்கும் 1976இலேயே ஒரு வழி சொல்லிவிட்டார்கள். நேயர்கள் இதை மனத்திரையில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளியை எடுத்துக்கொள்கிறோம். அதன் சரியான நிறம் நம்மிடம் இல்லை. கிட்டத்தில் உள்ள நிறத்தை வைக்கிறோம். கொஞ்சம் வெளுத்துவிட்டது என்றால் அந்தக் குறையை அப்படியே விட்டுவிடுவதில்லை, 16 பங்காகப் பிரிக்கிறோம். 7 பங்கு வலப்பக்கத்துப் புள்ளிக்கு. நேர் கீழே உள்ளதற்கு 5. கீழே இடப்பக்கம் 3, கீழே வலப்பக்கம் 1. அந்தப் புள்ளிகளின் முறை வரும்போது அவை கொஞ்சம் கருத்து ஈடு கட்டிவிடும். இப்படியே படம் முழுக்க. சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் கண் எல்லாவற்றையும் கலந்து, இல்லாத நிறத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். 16 நிறத் திரையில்கூட ஒரு முகம் முகமாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம். கூட்டலும் வகுத்தலும் மட்டுமே கொண்ட இவ்வளவு அழகான கணக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதே 1987இல் காம்பூசர்வ் நிறுவனம் ஜிஃப் கோப்பு முறையை வெளியிட்டது. தொலைபேசி வழியாக, மோடத்தில் ஊர்ந்து வரும் படங்களுக்காக அதில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வரிகளை மேலிருந்து கீழாக வரிசையாக அனுப்பாமல், முதல் சுற்றில் எட்டு வரிக்கு ஒன்று, இரண்டாம் சுற்றில் அவற்றின் நடுவே ஒன்று, அப்புறம் மீதி இடைவெளிகள் என்று நான்கு சுற்றில் அனுப்பலாம். எட்டில் ஒரு பங்கு வந்ததுமே படம் என்னவென்று ஒருமாதிரி தெரிந்துவிடும். வேண்டாத படம் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு கட்டிய காலத்தில் அது எவ்வளவு பெரிய உதவி!

விண்டோஸ் வந்த பிறகு எழுதப்பட்ட வியூவர்களில் மூன்று பெயர்களைச் சொல்லியாக வேண்டும். 1994இல் ஏசிடிசீ. 1996இல் இர்ஃபான்வியூ. போஸ்னியாவில் பிறந்து வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த இர்ஃபான் ஷ்கில்யான் எழுதியது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். 1998இல் பிரான்ஸிலிருந்து எக்ஸ்என்வியூ. நூற்றுக்கணக்கான கோப்பு வகைகளைத் திறக்கும், எல்லோரும் மறந்துபோன வகைகளையும் சேர்த்து.

பழைய கணினிக்கு என்னைக் கேட்டால் இர்ஃபான்வியூவைத்தான் சொல்வேன். உங்கள் விண்டோஸில் ஓடக்கூடிய பழைய பதிப்பாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த படம், பேக்ஸ்பேஸ் முந்தைய படம், என்டர் தட்டினால் முழுத்திரை. இரண்டு இடங்களில் மட்டும் கை வைக்க வேண்டும். ஒன்று, நாம் ஒரு படத்தைப் பார்க்கும்போதே அடுத்ததைப் பிரித்து வைத்துக்கொள்ளும் வசதி. நினைவகம் தாராளமாக இருந்தால் அருமையானது, 32 மெகாபைட் கணினியில் அதை அணைத்துவிடுங்கள். இன்னொன்று, படத்தைத் திரைக்கு ஏற்பக் குறைக்கும்போது மெருகேற்றும் வசதி. அதையும் அணைத்தால் விளிம்புகள் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும், ஆனால் வேகம் கூடும்.

படத்தைத் திருப்பும்போது மட்டும் மிகவும் கவனம் வேண்டும். பக்கவாட்டில் படுத்திருக்கும் ஜேபெக் படத்தைத் திருப்பிச் சேமித்தால், அது பிரிக்கப்பட்டு மறுபடி சுருக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. இர்ஃபான்வியூவில் இதற்கென்று தனி வழி இருக்கிறது, அதன் செருகு நிரல்களையும் (பிளகின்) நிறுவியிருந்தால் ஷிஃப்ட்டையும் ஜே எழுத்தையும் சேர்த்துத் தட்டினால் போதும். அது படத்தைப் பிரிப்பதே இல்லை. நான் முன்பு சொன்ன எட்டுக்கு எட்டு கட்டங்களையும் அவற்றின் எண்களையும் இடம் மாற்றி அடுக்கிவிடும், அவ்வளவுதான். அகலமும் உயரமும் 8 அல்லது 16ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் ஒரு புள்ளிகூடக் கெடாது. வீட்டுப் பெரியவர்களின் படங்களை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் இந்த வழியில் மட்டுமே திருப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் விண்டோஸ் 98இல் அது சரியாகத் தெரியாது, வியூவர் திறக்க மறுக்கும். அந்த விண்டோஸ் பயன்படுத்திய எழுத்துப் பட்டியல்களில் தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. பழைய கணினிக்குக் கொண்டுபோகும் படங்களுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றிவிடுங்கள். டாஸ் என்றால் எட்டு எழுத்துக்குள்.

2017க்குப் பிந்தைய ஐபோன்கள் வழக்கமாக எடுக்கும் எச்.இ.ஐ.சி. என்ற புதிய வகைப் படங்களை அந்தக் கால மென்பொருள் அறியாது. புதிய கணினியிலேயே அவற்றை ஜேபெக்காக மாற்றி, அகலத்தை 1,024 புள்ளிக்குக் குறைத்துவிடுங்கள். இர்ஃபான்வியூவில் பி எழுத்தைத் தட்டினால் ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாப் படங்களையும் ஒரே வீச்சில் மாற்றித்தரும். விண்டோஸ் 98இல் பென் டிரைவ் தானாக வேலை செய்யாது, அதற்கு டிரைவர் என்ற தனி இயக்கு நிரலைத் தேடிப் போட வேண்டும். அதைவிட சிடி ஒன்றில் எழுதி எடுத்துப்போவது சுலபம். ஒரு சிடியில் இப்படிக் குறைத்த படங்கள் ஆயிரக்கணக்கில் அடங்கும்.

நன்றி, வணக்கம்.