மலையில் வெறுங்கால் ஓட்டம்: அப்பாயி காலும் நம்ம காலும்

வணக்கம் மக்களே. தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ரோட்டில் நிற்கிறேன். பின்னால் இரைவது தேயிலை ஸ்டோர் மெஷின், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வீடியோவில் சப்பாத்து இல்லாமல் ஓடினேன் அல்லவா, கீழே பலரும் ஒரே கேள்வியைத்தான் போட்டிருந்தீர்கள். "எங்க அப்பாயி காலமெல்லாம் வெறுங்காலோடு மலை ஏறிக் கொழுந்து பறித்தார், இதில் பழக என்ன இருக்கிறது?"

இருக்கிறது. அப்பாயியின் கால் பிறந்ததிலிருந்து மண்ணிலேயே வளர்ந்த கால். நம் கால் முதலாம் ஆண்டிலிருந்து பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள் கிடந்த கால். அதோடு அவர் நடந்தார், நாம் ஓடப் போகிறோம்.

சாதாரண ஓட்டச் சப்பாத்தில் குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட 10, 12 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். மெத்தை இருக்கிற தைரியத்தில் குதிகாலைத் தொப்பென்று வைக்கிறோம். வெறுங்காலோடு அப்படி வைத்தால் மண்டைவரை விண்ணென்று ஏறும். அதனால் உடம்பு காலடி நீளத்தைக் குறைத்து, முன்பாதத்தை ஊன்றப் பழகுகிறது. கென்யாவில் வெறுங்காலோடு ஓடியே வளர்ந்தவர்களையும் சேர்த்து ஆராய்ந்து, ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2010இல் இதைக் காட்டியது. ஆனால் பாரம் மாயமாகிவிடாது. கெண்டைக்காலுக்கும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணுக்கும் இடம் மாறுகிறது.

நம் ஊர்ச் சிக்கல் இங்கேதான். ஏற்றத்தில் கெண்டைக்கால் ஏற்கனவே முழு வேலை செய்கிறது. அதோடு வெறுங்காலும் சேர்ந்தால், மறுநாள் லயத்துப் படியில் இறங்கும்போது தெரியும். இறக்கம் இன்னும் மோசம்: பிரேக் பிடிக்கக் குதிகால்தான் முந்தும், மெத்தையும் கிடையாது. இந்த ரோட்டையே பாருங்கள், கிட்டே காட்டுகிறேன். தார் பெயர்ந்து முக்கால் அங்குலக் கல் முனை நீட்டி நிற்கிறது, இடுக்கெல்லாம் பாசி. இதில் வேகமாக இறங்கினால் கல்லையும் தாங்க முடியாது, வழுக்கலையும் சமாளிக்க முடியாது.

ஆகவே மலைநாட்டில் பழக மலை சரிப்படாது, கிரவுண்ட்தான் சரி. பள்ளிக்கூட மைதானத்துப் புல் போதும். வழக்கமான ஓட்டம் முடிந்த பிறகு ஐந்து நிமிடம், அப்புறம் ஒரு நாள் விட்டு இன்னொரு முறை. அவசரமே வேண்டாம். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் மெல்லிய சப்பாத்துக்கு 10 வாரத்தில் மாறியவர்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2013இல் வெளிவந்தது. 19 பேரில் 10 பேரின் பாத எலும்பு மச்சையில், அதாவது எலும்புக்கு உள்ளே, நீர்க்கோப்பு தெரிந்தது; எலும்புக்குப் பாரம் கூடிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அந்தச் சப்பாத்தைச் செய்யும் வைப்ரம் நிறுவனம், காயம் குறையும் என்று விளம்பரம் செய்ததற்கு வந்த வழக்கை 2014இல் 37 லட்சத்து 50 ஆயிரம் டொலருக்குச் சமரசம் செய்து முடித்தது, தவறை ஒப்புக்கொள்ளாமலே.

எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபெபே பிகிலாவைச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மரதனில் வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம். சரி, 1964 டோக்கியோவில்? சப்பாத்து போட்டு ஓடினார், 2 மணி 12 நிமிடம் 11 விநாடி, மறுபடியும் தங்கம். இதை யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை.

இன்னொன்று. நம் தோட்டப் பிள்ளைகள் பலர் விளையாட்டுப் போட்டியில் வெறுங்காலோடு ஓடுவது விருப்பத்தால் அல்ல, சப்பாத்து வாங்கக் காசு இல்லாததால். அதைப் போட்டோ பிடித்து "இயற்கை ஓட்டம்" என்று போடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

அட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அட்டை கடித்தால் ரத்தம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். நான் பயப்படுவது கண்ணாடித் துண்டுக்கும் ஆணிக்கும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை வருடம் என்று முதலில் பாருங்கள். கெண்டைக்கால் பிடிப்பு இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும், அது பரவாயில்லை. பாதத்தின் மேல்பக்கம் எலும்பில் ஒரே இடத்தை அழுத்தினால் சுள்ளென்று வலித்தால் மட்டும் ஓடவே வேண்டாம், டொக்டரிடம் காட்டுங்கள்.