மூன்று வாரம் பிரெட்டையும் சர்க்கரையையும் குறைத்தால்

சென்னை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பிரெட் என்பது நம் வீடுகளில் ஒரு காலத்தில் காய்ச்சல்காரர்களின் உணவாக இருந்தது. உடம்பு சுட்டால் மட்டும் பேக்கரியில் ஒரு பாக்கெட் வாங்கி, பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டதும் ரசம் சாதத்துக்குத் திரும்பிவிடுவார்கள். இன்று சென்னையில் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு ஜாம் தடவிய இரண்டு துண்டு, மாலையில் டீக்கடையில் பன் அல்லது ரஸ்க், இரவு வேலை முடிந்து வரும் வழியில் தள்ளுவண்டியில் பிரெட் ஆம்லெட் என்று அது அன்றாட உணவாகிவிட்டது. இந்தப் பிரெட்டையும் சர்க்கரையையும் சிறிது காலத்துக்கு மட்டும், மூன்று வாரம் என்று வைத்துக்கொள்வோம், குறைத்துப் பார்க்கலாமா என்று என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகக் குறைக்கலாம், ஆனால் அதிலிருந்து எதை எதிர்பார்க்க வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலோர் எதிர்பார்ப்பது எடைக் குறைவைத்தான். அது முதல் வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியவும் செய்யும். நம் உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராமும் தசைகளில் ஏறக்குறைய 400 கிராமும் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்குகிறது. மாவுச்சத்து வரத்து குறையும்போது இந்தச் சேமிப்பு கரைகிறது, கூடவே அந்தத் தண்ணீரும் வெளியேறுகிறது. எடை காட்டும் கருவியில் முதலில் இறங்குவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான், கொழுப்பு அன்று. ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டதும் அது திரும்பி வருவதைக் கண்டு, எல்லாம் வீணாயிற்று என்று மனம் உடைந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த மூன்று வாரமும் எடையை அடிக்கடி பார்க்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். சர்க்கரையும் மைதாவும் நம் நாளுக்குள் எந்தெந்த வழியாக நுழைகின்றன என்பதை நாமே கண்டுபிடிக்கத்தான் இந்தக் காலம் உதவும். வேறெந்தப் பயனையும்விட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் நம் மொத்த உணவு ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 முதல் 5 கிராம் இருக்கும். இரண்டு டீஸ்பூன் போட்ட காபி மூன்று வேளை குடித்தாலே அந்த 25 கிராம் தீர்ந்துவிடுகிறது. பிஸ்கட்டும், ரோஸ்மில்க்கும், கரும்புச் சாறும், பிரியாணிக்குப் பின் வரும் பிரெட் அல்வாவும் அதற்கு மேல்தான்.

பிரெட்டைச் சர்க்கரையோடு சேர்த்து ஏன் சொல்கிறோம் என்று சிலர் கேட்கலாம். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். ஆனால் மைதா பிரெட்டின் மாவுச்சத்து செரித்ததும் முழுவதும் குளுக்கோஸாகவே மாறுகிறது. அதனால் ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எந்த அளவுக்கு உயர்த்துகிறது என்பதை, குளுக்கோஸை 100 என்று வைத்து அளக்கும் கிளைசிமிக் குறியீட்டில் சர்க்கரை ஏறக்குறைய 65 என்றால், வெள்ளை பிரெட் ஏறக்குறைய 75. பழுப்பு நிறத்தை மட்டும் நம்பிப் பிரவுன் பிரெட் வாங்குவதும் பயன்தராது; கேரமல் சேர்த்தாலும் அந்த நிறம் வரும். உறையில் சேர்பொருள்கள் அளவில் மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சிடப்படுகின்றன. முதலில் மைதா இருந்தால் அது மைதா பிரெட்தான்.

நம் ஊரில் இந்த முயற்சி பெரும்பாலும் தவறுவது மாற்று உணவில்தான். பிரெட்டை நிறுத்திவிட்டு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுபவருக்கும், சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டுக்கொள்பவருக்கும் இரத்தத்தில் பெரிய மாற்றம் ஏதும் நிகழப் போவதில்லை. வெல்லத்தில் சிறிது தாது உப்புகள் உண்டு என்பது உண்மையே, ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் கூறியிருக்கிறது. காலைக்குப் பச்சைப்பயறு தோசையும் முட்டையும், அல்லது பருப்பு அதிகமாகவும் அரிசி குறைவாகவும் போட்டு அரைத்த அடை. மாலைக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கொய்யாப்பழம். இவற்றில் புரதமோ நார்ச்சத்தோ இருப்பதால் பசி தாங்கும். பழத்தைச் சாறாக்காமல் கடித்தே உண்ண வேண்டும்.

தொடங்கிய இரண்டொரு நாளில் தலைவலி வந்து, சர்க்கரை இல்லாததால்தான் என்று எண்ணிப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். சர்க்கரை இல்லாத காபி கசக்கிறது என்று காபியையே நிறுத்தியவர்களுக்கு அந்தத் தலைவலி பெரும்பாலும் காஃபீன் நின்றதால் வருவது. காபியை நிறுத்தாதீர்கள், டிகாஷனைச் சற்று இளக்கிக்கொண்டு, சர்க்கரையை இரண்டிலிருந்து ஒன்றரை, ஒன்று, அரை என்று இறக்குங்கள். நாக்கு பழகுவதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும்.

வரையறுத்த காலத்துக்கு ஒன்றைத் தவிர்ப்பது நமக்குப் புதிதன்று. புரட்டாசியில் அசைவம் தவிர்க்கும் வீடுகளும், ரமலானிலும் தவக்காலத்திலும் நோன்பிருக்கும் வீடுகளும் இந்நகரில் ஏராளம். முடிவு நாள் தெரிந்திருப்பதால் அந்நாட்களில் வீடு முழுவதும் ஒத்துழைக்கிறது. ஒருவர் மட்டும் தவிர்த்து, மற்றவர்கள் அவர் எதிரிலேயே பன்னும் ஜாமும் உண்பது கொடுமை. மூன்று வாரமும் வீட்டுக்கே பிரெட் வாங்காமல் இருந்துவிடுங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை உண்பவர்களும் மருந்தளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து, நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற வேறு வகைச் சர்க்கரை நோய் மாத்திரைகளை உண்பவர்கள் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் அபாயமும் உண்டு. இவர்களும், கர்ப்பிணிகளும், சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

மூன்று வாரம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் திரும்பக் கொண்டுவராமல், வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். இல்லாமலும் இருக்க முடிகிறது என்று தெரிந்ததை விட்டுவிடுங்கள். இரத்தப் பரிசோதனை செய்ய விரும்பினால், வெறும் வயிற்றில் பார்க்கும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பின் அளவில் சில வாரங்களிலேயே மாற்றம் தெரியக்கூடும். ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை இரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால், அதற்கு மூன்று மாதம் பொறுத்துச் செல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.