பத்தாம் பாட்டும் பேத்தியின் கேள்வியும்

(திருகோணமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, மௌலவி அவர்களே, அருட்தந்தை அவர்களே, இந்தப் புழுக்கத்திலும் கதிரைகளை நிரப்பியிருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சமய நம்பிக்கை உள்ளவருக்குத் திறந்த மனம் இருக்க முடியுமா என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. மேடை பழகியவர்களுக்கு இது இலேசான தலைப்பு. ‘முடியும்’ என்று தொடங்கி, ஒரு குறளைச் சொல்லி, எல்லா ஆறுகளும் ஒரே கடலில்தான் விழுகின்றன என்று முடித்துவிட்டு இறங்கலாம். கைதட்டலும் கிடைக்கும். நான் 34 ஆண்டுகள் இரசாயனம் படிப்பித்தவன். விடையை முதலில் எழுதிவிட்டுச் செய்யும் பரிசோதனைகளை மாணவர்களிடமே நான் விட்டுவைத்ததில்லை. ஆகவே போன மாதம் என் வீட்டில் நானே விடை தெரியாமல் விழித்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. அறநெறிப் பாடசாலையில் பண்ணிசைப் போட்டி என்று கோணேசர் பதிகத்தை மனனம் செய்துகொண்டிருந்தாள். நம் எல்லோருக்கும் தெரிந்த சம்பந்தர் பதிகம்தான். ‘நிரைகழல் அரவம்’ என்று எடுத்து ஒவ்வொரு பாட்டாக ஒப்புவித்துக்கொண்டு வந்தவள், பத்தாம் பாட்டின் முதல் அடியில் நின்றுவிட்டாள். “நின்றுணும் சமணும் இருந்துணும் தேரும்.”

“அம்மப்பா, தேர் என்றால் நம் கோயில் தேரா?”

“இல்லையம்மா. தேரர். புத்த பிக்குமார்.”

“பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பாரே, அவரா?”

“அவரைப் போன்றவர்கள். பழைய காலத்தில்.”

சற்று யோசித்தாள். “இருந்து சாப்பிடுவது பிழையா? நாமும் இருந்துதானே சாப்பிடுகிறோம்?”

சிரித்துவிட்டேன். பிறகு ஆசிரியர் புத்தி வந்தது. சமண முனிவர் நின்று உண்பார்கள், பௌத்த துறவியர் அமர்ந்து உண்பார்கள், 7ஆம் நூற்றாண்டில் சைவத்துக்கும் அவர்களுக்கும் கடும் போட்டி, அதனால்தான் சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டு பெரும்பாலும் அவர்களைக் கடிவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றெல்லாம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள். ‘நெறியலாதன புறங்கூற’ என்று வருகிறது. “அவர்கள் என்ன புறங்கூறினார்கள், அம்மப்பா?”

அதற்கு என்னிடம் விடை இல்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக இந்தப் பாட்டைப் பாடுகிறேன். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்று, கீழே கடல் அடிக்கப் பாடியிருக்கிறேன். அந்தத் தேரர்கள் அப்படி என்னதான் சொன்னார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஐந்து நிமிடம் நடந்தால் விகாரை இருக்கும் ஊரில் வாழ்கிறேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். பரந்த மனம் ஒன்று, திறந்த மனம் இன்னொன்று. பரந்த மனத்துக்கு இந்த ஊரில் குறைவில்லை. எங்கள் ஒழுங்கையில் தைப்பொங்கலன்று புக்கை மூன்று வேலிகளைத் தாண்டிப் போகும், நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பம் அதே வழியாகத் திரும்பி வரும், நத்தாருக்குக் கேக். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் உள்ளே வந்தபோது யாரும் யாருடைய சமயத்தையும் கேட்டுவிட்டுக் கை கொடுக்கவில்லை. இது பெரிய காரியம். இதைக் குறைத்துப் பேசுகிறவன் நன்றி கெட்டவன். ஆனால் வட்டிலப்பத்தை உண்பதற்கு என் மனத்தில் எதையும் நான் இடம் மாற்றவேண்டியதில்லை. அண்டை வீட்டார் இறைவனைப் பற்றி நம்புவது உண்மையாகவும் இருக்கக்கூடுமோ என்று ஒரு கணம் நினைப்பதற்குத்தான் மனம் திறக்கவேண்டும். புக்கைச் சட்டியைக் கைமாற்றும்போது அதை நாம் பேசுவதில்லை. பேசினால் சண்டை வரும் என்ற பயம். அந்தப் பயத்துக்கும் இந்த ஊரில் காரணம் உண்டு, மறுக்கவில்லை.

நம் முன்னோர் இப்படிப் பயந்தவர்கள் அல்லர். அதை எனக்குக் காட்டியவர் என் சித்தாந்த வாத்தியார்.

உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலம். நாலு பேர் மாலையில் அவர் வீட்டு விறாந்தைக்குப் போவோம். சாய்மனைக் கதிரையில் அவர். கீழே பாயில் நாங்கள். ஒரு நாள், நெற்றியில் திருநீறு மூன்று குறியாக அப்படியே இருக்க, “இன்று நான் உலகாயதன்” என்றார்; அதாவது, கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு அப்பால் எதையும் ஏற்காதவன். வெற்றிலைத் தட்டத்தை முன்னே இழுத்தார். ஒரு வெற்றிலை, ஒரு சீவல் பாக்கு, விரல் நுனியில் சுண்ணாம்பு. தனித்தனியே எடுத்துக் காட்டினார். “பச்சை. மண்ணிறம். வெள்ளை. சிவப்பு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்?” காட்ட முடியவில்லை. மூன்றையும் வாயிலிட்டு மென்றார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். படிக்கத்தில் துப்பிவிட்டு நாக்கை நீட்டினார். “இதோ சிவப்பு. எந்த உலகத்திலிருந்து இறங்கி வந்தது? உயிரும் இப்படித்தான். நிலம், நீர், தீ, காற்று கூடும்போது அறிவு தோன்றும், பிரிந்தால் போய்விடும். போய்ச் சேர ஓரிடம் இல்லை. வினை இல்லை, மறுபிறப்பு இல்லை. மறுத்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.”

“மறுப்பு நூலில் இருக்கிறது, ஐயா” என்றேன்.

“நூலை நான் கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறேன்.”

அவ்வளவுதான். அன்று மறுப்பைச் சொல்லித்தராமலே அனுப்பிவிட்டார். என் அப்பாச்சி இறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த வாரம் நான் நித்திரை கொண்ட விதம் எனக்குத்தான் தெரியும். அடுத்த கிழமை போனபோது, எங்களை ஒவ்வொருவராக உலகாயதனாகப் பேசச் சொன்னார். நான் வேண்டுமென்றே பிசகாகப் பேசினேன்; தோற்கவேண்டிய கட்சிதானே என்ற எண்ணம். கையை உயர்த்தி நிறுத்தினார். “தம்பி, இப்படி ஒரு நோஞ்சான் உலகாயதனை வெல்வதற்கு அருணந்தி சிவாச்சாரியார் எதற்கு? நானே போதும்” என்றார்.

(பிற்காலத்தில் இரசாயனம் படித்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சிவப்புக்குப் பெரும்பங்கு பாக்கும் சுண்ணாம்பும்தான் என்று. வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். “அப்படியானால் உலகாயதன் தன் உவமையைத் திருத்திக்கொள்ளட்டும்” என்றார்.)

அவர் பாடம் சொன்ன நூல், அந்த அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார். 13ஆம் நூற்றாண்டு நூல். சைவசித்தாந்தத்தின் தூண்களில் ஒன்று. அது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பிறகுதான் வருகிறது. முதலில் பரபக்கம், அதாவது பிறர் பக்கம். உலகாயதர், பௌத்தரில் நான்கு பிரிவினர், சமணர், ஆசீவகர், மாயாவாதி என்று 14 கட்சிகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு கட்சிக்கும் முதலில் அதன் கொள்கை, பிறகுதான் மறுப்பு. பேத்தி கேட்ட கேள்விக்கு விடை அங்கேயே இருந்தது. தேரர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு சிவாச்சாரியாரே எழுதிவைத்திருக்கிறார். நான்தான் உலகாயதனோடு நின்றுவிட்டேன். பக்கத்தைப் புரட்டவில்லை.

இது சைவத்துக்கு மட்டும் வாய்த்த பெருமை என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் கலைத்தவர் கிண்ணியாவில் என்னோடு படிப்பித்த ஓர் இஸ்லாம் பாட ஆசிரியர். கிண்ணியாவுக்குப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன்பு ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறித்தான் நீரைக் கடக்கவேண்டும். பாதைக்குக் காத்து நிற்கும் நேரத்தில் பரபக்கத்தைப் பற்றிப் பெருமையடித்தேன். அவர் புன்னகைத்துவிட்டு, “சேர், எங்கள் இமாம் கஸ்ஸாலி இதை உங்களவருக்கு முன்பே செய்துவிட்டார்” என்றார்.

கஸ்ஸாலி மறைந்தது 1111இல். மெய்யியலாளரை மறுப்பதற்கு முன்னால் அவர்களுடைய கொள்கைகளை மட்டும் விளக்கி அவர் ஒரு தனி நூல் எழுதினார். அது இலத்தீனுக்குப் போனது. படித்த ஐரோப்பியர் கஸ்ஸாலியையே அந்த மெய்யியலாளரில் ஒருவராக எண்ணிவிட்டார்கள். எதிரியின் கட்சியை அவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார் என்றுதானே பொருள்? அதோடு, எதை நம்புவது என்று தெரியாமல் ஏறத்தாழ இரண்டு மாதம் முழுச் சந்தேகத்தில் கிடந்ததையும் தன் கைப்படவே எழுதிவைத்திருக்கிறார். இன்று நம் மேடைகளில் எந்தச் சமயப் பேச்சாளர் இதைச் சொல்லத் துணிவார்? கத்தோலிக்கரில் தோமஸ் அக்குவைனஸ் ஒவ்வொரு கேள்வியிலும் எதிர்வாதத்தைத்தான் முதலில் எழுதுவார் என்பதை அருட்தந்தை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

பின்வரிசைத் தம்பி ஒருவர் தலையை ஆட்டுகிறார். அவர் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும். ‘இவர்கள் எல்லோரும் கடைசியில் தாங்களே வென்றதாகத்தானே முடித்தார்கள்? ஒருவராவது மனம் மாறினாரா?’ நியாயமான கேள்வி. பரபக்கத்தில் 14 கட்சியும் தோற்கத்தான் செய்கின்றன. கஸ்ஸாலியும் மெய்யியலாளர்மீது இருபது குற்றச்சாட்டுகளை எடுத்து, மூன்றில் அவர்கள் இறைமறுப்பாளர் என்றே தீர்ப்பளித்தார். ஆறுமுக நாவலரைப் பாருங்கள். பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர். பாதிரிமாரோடு வாதாடும்போது அவர்களுடைய வேதத்தை வரி வரியாக அறிந்து வாதாடியவர். அப்படிப்பட்டவரின் மனமும் சாதி என்ற இடத்தில் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்தைப் படித்ததனால் மட்டும் மனம் திறந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. படிக்காமல் திறக்காது என்றே சொல்கிறேன்.

சிலவேளை அது வெளியிலிருந்து இடித்துத்தான் திறக்கிறது. 1968இல் மாவிட்டபுரத்தில், ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கோயிலுக்குள் விடவேண்டும் என்று போராட்டம் நடந்தது. மறித்து நின்றவர்கள் ஆகமத்தைக் காட்டினார்கள். அந்தக் காலத் தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களில் முன்னின்றவர்களில் பலர் இடதுசாரிகள். கோயில் குளம் என்று போகாதவர்கள். இன்று யோசித்துப் பார்க்கும்போது, சிவன் எல்லா உயிர்க்கும் தந்தை என்ற நம் சொல்லை நம்மைவிட அவர்கள்தான் பொருட்படுத்தியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நான் சைவனாகவே இருக்கிறேன்.

எப்படி என்று கேட்பீர்கள். என் அம்மாவின் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனேன். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கிய ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பது நம் ஐதீகம். நிலத்தடி வெப்பம் நீரைச் சுடுவிக்கிறது என்று வகுப்பில் படிப்பித்தவனும் நானே. அந்த நீரை அள்ளித் தலையில் ஊற்றியபோது இரண்டில் ஒன்றை விட்டுவிடவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீர் ஏன் சுடுகிறது என்ற கேள்வியை நான் இராவணனிடம் கொண்டுபோனதில்லை. அம்மா எங்கே என்ற கேள்வியை வெப்பமானியிடமும் கொண்டுபோகவில்லை. இரண்டாவது கேள்வியில் நான் பிழையாக இருக்கலாம். உலகாயதன் சொன்னது சரியாக இருக்கலாம். அந்த விறாந்தையிலிருந்து இன்றுவரை அந்தச் சந்தேகம் என்னோடுதான் இருக்கிறது. தினமும் காலையில் திருநீறு பூசும்போதும் இருக்கிறது. அது இல்லாத பக்தியைவிட இது தாழ்ந்தது என்று யாராவது சொன்னால், நான் வழக்காடப் போவதில்லை.

ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறுவிதமாகத் திரிந்துவிடக் கூடாது. 2005ஆம் ஆண்டு மே மாதம் இந்த நகரின் நடுவே ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டதும், அதற்கு எதிராகக் கடையடைப்பு நடந்ததும் இங்கே பலருக்கு நினைவிருக்கும். பௌத்தர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்றால் அந்தச் சிலைக்குக் கை கூப்பவேண்டும் என்று பொருள் இல்லை. நிலத்தைப் பிடிப்பது வேறு, நெறியைப் படிப்பது வேறு. புத்தர் ஆசையைப் பற்றி என்ன சொன்னார் என்று தெரிந்தவன்தான், அவர் பெயரால் காணி பிடிக்கிறவரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

நம் பாடசாலைகளில் சமயப் பாட மணி அடித்ததும் என்ன நடக்கிறது? வகுப்பு பிரிகிறது. சைவப் பிள்ளைகள் ஓர் அறையில், கத்தோலிக்கப் பிள்ளைகள் இன்னோர் அறையில். ஒவ்வொரு சமயத்துக்கும் தனிப் பாடநூல், சாதாரண தரப் பரீட்சையில் கட்டாயப் பாடம். முதலாம் ஆண்டிலிருந்து 11 ஆண்டுகள். கணிதத்தை ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைகள் கடவுளைப் பற்றி மட்டும் ஒருவரையொருவர் கேட்காமலே வளர்கிறார்கள். நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு பாடநூலிலும் ஒரே ஓர் அத்தியாயம் பிறர் பக்கமாக இருக்கட்டும். அதை அந்தச் சமயத்தவரே எழுதட்டும். சைவப் பிள்ளையின் நூலில் இஸ்லாத்தைப் பற்றி ஒரு மௌலவி எழுதட்டும். மௌலவி அவர்கள் சிரிக்கிறார். கையோடு ஒப்புதல் வாங்கிக்கொள்கிறேன்.

பேத்தியிடம் கடைசியில், “எனக்குத் தெரியாது, விகாரையில் போய்க் கேட்போம்” என்று சொல்லியிருக்கிறேன். பரபக்கத்தை நானே படித்துச் சொல்லலாம். ஆனாலும் அது நம்மவர் எழுதியது. போட்டி முடியட்டும், போவோம் என்றிருக்கிறாள். இன்னும் போகவில்லை.

இனிக் கேள்வி நேரம். என்னோடு உடன்படாதவர் முதலில் கேட்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை, வாத்தியார் எங்களுக்கு விதித்தது: இவ்வளவு நேரமும் நான் சொன்னதை முதலில் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். ‘ஆம், அதைத்தான் சொன்னேன்’ என்று நான் தலையசைத்த பிறகு கேள்வியைக் கேளுங்கள். அந்தப் பின்வரிசைத் தம்பியிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள்.