250 டாலருக்கு நியூயார்க்கில் வீடு

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் கிடையாது. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் தாள் வந்தது, மாதம் 180 டாலர் கூடுதல், குளியலறைக் குழாய் மட்டும் அதே ஒழுகல். அந்த எரிச்சலில் சனிக்கிழமை வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மன்ஹாட்டனில் லோயர் ஈஸ்ட் சைடு போனேன். அவென்யூ சி, கதவு எண் 155. மேலே குடும்பங்கள் இருக்கின்றன, கீழே 2012இல் திறந்த ஒரு குட்டி அருங்காட்சியகம். இந்தப் பகுதியில் கைவிடப்பட்ட வீடுகளை மக்களே எப்படி மீட்டார்கள் என்பதுதான் அங்கே கதை.

1970களில் இங்கே சொத்து வரி கட்டாமல், பழுதும் பார்க்காமல், உரிமையாளர்கள் கட்டடங்களை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். பல எரிந்தே போயின. வரி பாக்கிக்காக நகராட்சி நகரம் முழுக்க ஆயிரக்கணக்கில் கையகப்படுத்தியது, ஆனால் பராமரிக்க முடியவில்லை. அப்போது 1978இல் ஒரு திட்டம் வந்தது. குடியிருப்பவர்களே முதலில் கட்டடத்தை நடத்திப் பழக வேண்டும், வாடகை வசூல், கணக்கு, வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன் எல்லாம். அப்புறம் கூட்டுறவாக வாங்கிக்கொள்ளலாம். அப்போதைய விலை, ஒரு வீட்டுக்கு 250 டாலர்!

இருநூற்று ஐம்பது. போன தடவை நான் வீடு மாறியபோது சாமான் வண்டிக்கே 600 கொடுத்தேன், செலவுக் கணக்கு வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இருபது வீடு இருக்கிற கட்டடம் என்றால் மொத்தமே 5,000 டாலர். ரயிலில் திரும்பி வரும்போது இதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். வீடு உங்கள் பெயரில் பதிவாகாது. கட்டடம் முழுக்க ஒரு கூட்டுறவு நிறுவனத்துக்குச் சொந்தம், உங்களிடம் இருப்பது அதில் பங்கு. மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டும். விற்கப் போனால் வாங்குபவரின் வருமானத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது, லாபத்தில் ஒரு பகுதி கட்டடத்துக்கே போவதும் உண்டு. இந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இதையே தளர்த்தி, சில கட்டடங்களில் இப்போது லட்சக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள், அதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மலிவாகக் கிடைத்த வீடு அடுத்தவருக்கும் மலிவாகக் கிடைக்க வேண்டாமா?

சரி, 155க்கு வருகிறேன். இது காலியாகக் கிடந்தபோது பூட்டை உடைத்து உள்ளே போய்க் குடியேறியவர்களின் கட்டடம். படிக்கட்டு, தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் அவர்கள் கையாலேயே போட்டது. பக்கத்தில் அம்ப்ரெல்லா ஹவுஸ் என்று ஒன்று, கூரை ஒழுகி உள்ளேயே குடை பிடிக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயராம். இப்போது அந்தக் கூரையில் தோட்டம்! 2002இல் இப்படிப்பட்ட 11 கட்டடங்களை நகராட்சி ஒவ்வொன்றும் 1 டாலருக்கு யூஹாப் என்ற அமைப்பிடம் கொடுத்தது. குடியிருப்பவர்களே கட்டடத்தைச் சீரமைத்துக் கூட்டுறவாக்க 1973இலிருந்து உதவுகிறவர்கள். விதிமுறைப்படி சீரமைத்துக் கூட்டுறவாக மாற்ற வேண்டும் என்று ஏற்பாடு.

அய்யோ, காற்றாலையைச் சொல்லவே இல்லையே! கிழக்கு 11ஆம் தெரு, எண் 519. எரிந்துபோன கட்டடம். பணத்துக்குப் பதில் உழைப்பையே முதலாகப் போட்டுக் கட்டி, 1976இல் மொட்டை மாடியில் காற்றாலையும் நிறுத்தினார்கள். மிச்ச மின்சாரம் மீட்டர் வழியாக மின் நிறுவனத்துக்கே திரும்பிப் போனது. மின் நிறுவனம் தகராறு செய்தும் கடைசியில் இவர்கள் பக்கம்தான் தீர்ப்பு. அந்தத் தெருவை நான் படம் எடுக்கவில்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை திரும்பப் போகிறேன், இரண்டு பேட்டரியோடு.