காதலனும் பெண், காதலியும் பெண்: யுவே ஓபராவின் கதை

வணக்கம் நேயர்களே. சீன ஓபரா என்றதும் பலருக்கும் மெய் லான்ஃபாங்கின் பெயர்தான் நினைவுக்கு வரும். பெய்ஜிங் ஓபராவில் பெண் வேடம் கட்டி உலகப் புகழ் பெற்றவர் அவர். நான் இன்று பேச வந்தது அதற்கு நேர் எதிரான ஒரு மேடையைப் பற்றி. காதலன், அரசன், புலவன், கிழவன் என்று எல்லா வேடத்தையும் பெண்களே கட்டிய மேடை அது. யுவே ஓபரா என்று பெயர்.

ஜெஜியாங் மாகாணத்தின் ஷெங்சியன் வட்டாரம்தான் இதன் பிறப்பிடம். கதைப்பாட்டுப் பாடிவந்த விவசாயிகள், ஆண்கள்தான், 1906-ல் இதை முதலில் மேடையேற்றினார்கள். 1923-ல் சிறுமிகளுக்கென்று ஒரு பயிற்சிக் குழு அங்கே தொடங்கியது. பெண்பிள்ளையைக் கூத்துக்கு அனுப்ப யார் சம்மதிப்பார்கள்? மூன்று வருடம் கற்று முடித்தால் பணமும் தங்க மோதிரமும் தோல் காலணியும் தருவதாகச் சொல்லித்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அப்புறம் ஷாங்காய். பிழைப்புக்காக அங்கே குடியேறியிருந்த ஜெஜியாங் பெண்கள், ஆலைத் தொழிலாளிகள், வீட்டு வேலை செய்பவர்கள், வணிகர் வீட்டு மனைவிமார் எல்லாரும் கொட்டகைக்கு வந்தார்கள். ஒரு பெண் ஆசைப்படும் ஆண், மென்மையாகப் பேசி அவளை மதிக்கிற ஆண், அவர்களுக்கு மேடையில்தான் கிடைத்தான். அவனை உருவாக்கியதும் பெண்களே.

இவர்களில் யுவான் சூஃபென் என்பவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 1922-ல் பிறந்தவர், பதினோரு வயதில் குழுவில் சேர்ந்தார். அந்தக் காலத்து நடிகைக்கு மேடை மட்டும் போதாது; பணக்காரர் வீட்டு விருந்துகளிலும் போய்ப் பாட வேண்டும். யுவான் மறுத்தார். சைவ உணவே உண்டார், எளிய உடையே உடுத்தினார், விருந்துப் பக்கமே போகவில்லை. அவருடன் ஜோடியாக நடித்த மா ஜாங்ஹுவா 1942-ல் மிக இளம் வயதில் இறந்துபோனார். அதே ஆண்டில் யுவான் தன் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். அதுவரை கதைச் சுருக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வாய்க்கு வந்த வசனத்தைப் பேசி நடிப்பதுதான் வழக்கம். யுவானோ எழுதிவைத்த வசனம் வேண்டும், இயக்குநர் வேண்டும், ஒத்திகை வேண்டும் என்றார். அதற்கான ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தன் கூலியின் பெரும்பகுதியையே செலவிட்டார். 1943-ல் ஒரு நாடகத்தில் இறந்த கணவனுக்காக அழுது பாடும் காட்சி. பழைய மெட்டு அந்தத் துயரத்தைத் தாங்கவில்லை. அவர் உணர்ச்சி போன போக்கில் பாட, பிடில் வாசித்த சோ பாவோசாய் கூடவே போனார். யுவே ஓபராவின் முக்கியமான மெட்டு ஒன்று அப்படித்தான் பிறந்தது.

சீன எழுத்தாளர் லூ சுன் எழுதிய சிறுகதை ஒன்றை 1946-ல் யுவான் மேடையேற்றினார். இரண்டு முறை விதவையாகி, ஊரே ஒதுக்கிவைத்த ஏழைப் பணிப்பெண்ணின் கதை அது. அதே ஆண்டு ஆகஸ்டில், பாடுவதற்காக வானொலி நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர் மீது ஒருவன் மலத்தை வீசினான். யுவான் மேடையை விட்டு விலகிவிடவில்லை.

அடுத்த ஆண்டு, போட்டிக் குழுக்களைச் சேர்ந்த பத்து நடிகைகள் ஒன்றுசேர்ந்து ஒரே நாடகத்தில் நடித்தார்கள். முதலாளிகளிடமிருந்து விடுபட்டு, தங்களுக்கென்று சொந்த அரங்கமும் பள்ளியும் கட்டப் பணம் திரட்டுவதுதான் நோக்கம். ‘பத்துச் சகோதரிகள்’ என்று ஊர் அவர்களை அழைத்தது. அவர்களில் ஒருவரான ஷியாவ் தான்குவேய் அதே ஆண்டு அக்டோபரில், வதந்திகளின் கொடுமை தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தக் கலையின் இனிமையைப் புகழ்பவர்கள் அது வாங்கிய இந்த விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

2023-ல் ஹாங்சோவின் ஒரு சிறிய அரங்கில் ஆண் வேடம் கட்டிய சென் லிஜுன், சக நடிகை லி யுன்ஷியாவோவைத் தூக்கிச் சுழற்றிய காட்சி இணையத்தில் பரவியது. இளைஞர்கள் டிக்கெட்டுக்கு அலைமோதினார்கள். எனக்கு அது பெரும் மகிழ்ச்சி.

கேட்கும் நீங்கள் ஒன்றைப் பாருங்கள் என்றால், 1950-களில் வண்ணத்தில் வந்த லியாங் ஷான்போ – சூ யிங்தாய் ஓபராப் படத்தைச் சொல்வேன். 1954-ல் ஜெனீவா மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினருக்கு அன்றைய சீனப் பிரதமர் சோ என்லாய் போட்டுக் காட்டிய படம். படிப்பதற்காக ஆண் உடை தரித்த பெண்ணாக யுவான். அவளை ஆண் என்றே நம்பும் தோழனாக ஃபான் ரூயிஜுவான். பிரிவு வழியில் அன்னத்தைக் காட்டி, கிணற்றைக் காட்டி, அவள் தன் மனதைக் குறிப்பால் சொல்லிக்கொண்டே வருவாள்; அவனுக்கோ ஒன்றும் புரியாது. அந்தக் காட்சியில் ஃபானின் நடையைக் கவனியுங்கள். நன்றி, வணக்கம்.